ஒத்தைச் சக்கரமும் நாற்பத்தொரு வேகத்தடைகளும்

சங்குப்பாறையில் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வருகிற பெண் தன்னுடைய ஒத்தைச் சக்கர வண்டிக்குத் தொட்டில் ஸ்பிரிங் மாட்டிய பிறகு, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அவளுக்கு வர வேண்டிய குலுக்கல் அவளுக்கு வராமல், அந்த நேரத்தில் அவள் யாரை நினைத்துக்கொண்டிருந்தாளோ அவர்களுக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. இது தொடங்கியது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடையில் துவரம்பருப்பு போட்ட நாள் என்பதால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தேதி நன்றாக நினைவிருக்கிறது. பருப்பு அடுத்து எப்போது போட்டார்கள் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இருப்பது ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதன் வாயில் ஒரு சிமெண்ட் ஆலை, ஆலையைச் சுற்றி வெள்ளைத் தூசி படிந்த பதினாறு தெருக்கள். கல்லை உடைத்தால் உள்ளே சங்கும் சிப்பியும் இருக்கும். கடல் எங்கேயோ இருக்கிறது, அது எப்படி இங்கே வந்தது என்று நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. கல் லாரிகள் ராப்பகலாக ஓடி ரோட்டைத் தின்றுவிட்டன, தின்றது போக மிச்சமிருந்த இடத்திலெல்லாம் நாங்களே சிமெண்டைக் குழைத்து வேகத்தடை போட்டுக்கொண்டோம், ஏனென்றால் சிமெண்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மொத்தம் நாற்பத்தொன்று. ஒரு கோழி அடிபட்ட இடத்தில் போட்டது கோழித்தடை, இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபத்தில் எதிரெதிரே போட்டது சண்டைத்தடை, எதற்குப் போட்டோம் என்றே மறந்துபோனது சும்மாத்தடை.

இந்த ரோட்டில்தான் அவள் வந்து போவாள். மாசம் முழுக்க ஏதாவது ஒரு தெருவில் இருப்பாள். வாசலில் நின்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து யாரு என்று கேட்பார்கள், வாசல் தெளித்துக்கொண்டிருப்பவள் "ரீடிங்கு வந்திருக்கு" என்பாள், கேஸ் வந்திருக்கு, தண்ணி வந்திருக்கு என்கிற மாதிரி. மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதி, அடுத்த வீட்டுக்குப் போவாள். "ரீடிங்கு போயிருச்சா?" "போயிருச்சு." எங்கள் ஊரில் அவளைப் பற்றி இதற்குமேல் யாரும் பேசியதில்லை. நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி, நானும் பேசியதில்லை. ஆறு வருஷமாக எதிரெதிர் வாசல். அவள் கதவைத் திறந்தால் என் சமையலறை தெரியும், நான் ஜன்னலைத் திறந்தால் அவளுடைய ஒற்றை அறை முழுக்கத் தெரியும், அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

வண்டி அவளுக்கு வந்தது ஆலையில் வேலை பார்த்த ஒரு வடக்கத்தி இன்ஜினியரால். மாற்றலாகிப் போகிற அன்றைக்கு அவள் ரீடிங் எடுக்கப் போயிருக்கிறாள், அவர் அதைக் காட்டி எடுத்துக்கொள் என்றிருக்கிறார். ஒரே ஒரு பெரிய சக்கரம், இரண்டு பக்கமும் கால் வைக்க பக்கத்துக்கு ஒரு சாண் பலகை, பேட்டரி உள்ளே. கைப்பிடி கிடையாது, சீட்டு கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஆலைக் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பதினேழு நாள் நடை பழகினாள், பதினெட்டாம் நாள் சுவரை விட்டாள். ஒண்டிக்கட்டைக்கு ஒத்தைச் சக்கரம் என்று நாங்கள் சிரித்தோம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அதனால் அவளுக்கும் அது வேடிக்கையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த வண்டிக்கு ரோடு என்ன கொடுத்ததோ அதை அப்படியே முதுகெலும்புக்கு ஏற்றிவிடுகிற பழக்கம் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடை, போக வர எண்பத்திரண்டு. ஆறே மாதத்தில் குனிந்தால் நிமிர முடியவில்லை. டாக்டர் வண்டியை விடு அல்லது இடுப்பை விடு என்றார். அவள் இரண்டையும் விடாமல் லேத் பட்டறை சகாயராஜிடம் போனாள்.

சகாயராஜ் பெரிய உடம்புக்காரர், ஐம்பது வயது, ஆலைக்குப் போல்ட்டு கடைந்து கொடுத்தே காது மந்தமானவர். வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்பிரிங்கு மாட்ட இடமே இல்லையேம்மா, எங்க மாட்டுறது?" என்றார். அவள் பையிலிருந்து இரண்டு தொட்டில் ஸ்பிரிங்கை எடுத்து வைத்தாள். அவள் தங்கச்சி தாமரையின் மூன்று பிள்ளைகளையும் சேலைத் தொட்டில் கட்டி அவள்தான் ஆட்டியிருக்கிறாள், அந்தத் தொட்டில்களின் ஸ்பிரிங் அவை. அமுங்குகிற ஸ்பிரிங் இல்லை, இழுபடுகிற ஸ்பிரிங். "கீழ மாட்ட வேணாம்ணே, மேலருந்து தொங்க விடலாம்" என்றாள். அப்படியே செய்தார்கள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டு, கம்பியில் ஏறி இறங்குகிற மாதிரி வளையமாகப் புஷ் கடைந்து, கால்பலகையை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். முதல் நாள் அவள் அதில் ஏறி ஒரு தடையைத் தாண்டினாள், ஆட்டம் நிற்கவே இல்லை, ரேஷன் கடையிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனாள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கூடவே தலையை ஆட்டினார்கள்.

"ஸ்பிரிங்கு தூக்கத்தான் செய்யும், அடக்குறதுக்கு ஒண்ணு வேணும்" என்றார் சகாயராஜ். அதற்குப் பக்கத்துக்கு ஒரு சாண் பைப்பு வெட்டி, அடிபம்பின் தோல் வாஷரில் ஊசித்துளை போட்டு உள்ளே இறக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி மூடினார்கள். எண்ணெய் துளை வழியாகத்தான் போக வேண்டும், அது மெதுவாகத்தான் போகும், அதனால் ஆட்டம் ஒரே ஆட்டத்தோடு நின்றது. இதற்கு இரண்டு மாதம் ஆனது. இரண்டு மாதமும் அவள் வேலை முடிந்து பட்டறைக்குப் போய்விடுவாள். அவள் ஒருவரோடு ஒருமணி நேரம் சேர்ந்தாற்போல நின்றது அந்த நாட்களில்தான்.

பருப்பு போட்ட செவ்வாய்க்கிழமை அவள் கோழித்தடையில் ஏறி இறங்கினாள், ஒன்றும் தெரியவில்லை. அதே நேரம் அங்கிருந்து நான்கு தெரு தள்ளி, ரேஷன் கடை ஜெயசீலி ஸ்டூலிலிருந்து ஒரு விரற்கடை எகிறி உட்கார்ந்தாள், அளந்து வைத்த பருப்பு சிதறியது. காலையில் ஜெயசீலிக்கும் ரீடிங்குக்கும் சின்ன வாய்த்தகராறு, அதை நினைத்துக்கொண்டே இவள் வண்டியில் வந்திருக்கிறாள். அடுத்த தடையில் டீக்கடைக்காரர் ஆற்றிய டீ கிளாஸை விட்டு வெளியே போனது. அதற்கடுத்த தடையில் கோயில் பூசாரிக்கு மணி கையிலிருக்கும்போது வந்தது, அவர் அதையும் பூஜையோடு சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள் குழாயடியில் பெண்கள் யாருக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ரீடிங் போன வழியோடு சேர்த்து, விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதற்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறாங்க என்று உச்சந்தலையில் தட்டுகிறோம், அதேதான் இதுவும். யார் நினைக்கிறார்கள் என்று இதில் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். டம்ளரில் முக்கால் அளவுக்குமேல் ஊற்றுவதை நிறுத்தினோம். அலமாரித் தட்டுகளுக்கு முன்னால் சாமான் விழாமலிருக்க ஒரு மரப்பட்டை அடித்துக்கொண்டோம். முடிதிருத்துகிறவர் மட்டும் அவள் வழியில் கைகூப்பி நின்றார். "தாயி, நீ யாரை வேணாலும் நினைச்சுக்க, என்னைய மட்டும் நினைச்சிராத, கத்தி கையில இருக்கு." அதைக் கேட்ட பிறகு அவரை நினைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் கடையைத் தாண்டும்வரை அவள் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

கொஞ்ச நாள் போனதும் குறை வேறு மாதிரி வந்தது. எனக்கு ஏன் வரவில்லை என்று. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் மூன்று மாதம் காத்திருந்து பார்த்து, ஒன்றும் வராததால், ஒருநாள் அவள் எழுதிய ரீடிங் தப்பு என்று தெருவே பார்க்கச் சண்டை பிடித்தார். தப்பில்லை என்று அவருக்கே தெரியும். அன்று மாலை அவருடைய சாய்வு நாற்காலி இரண்டு முறை எகிறியது, மனிதர் அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினதாக அவருடைய வீட்டம்மா சொன்னார்.

கேட்டு வாங்குகிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான். என் மகன் செழியன் தோஹா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஐந்து வாரமாகப் போன் இல்லை. நான் அவள் வாசலில் போய் நின்று, "அவனை ஒருவாட்டி நினைச்சு விடேன்" என்றேன். ஆறு வருஷத்தில் அவள் வாசலை மிதித்தது அன்றுதான் முதல் தடவை.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். "ஃபோட்டோ வேணாம்க்கா. அவர் எப்படிச் சாப்பிடுவாருன்னு சொல்லுங்க, அது தெரிஞ்சா ஆளு மனசுல நின்னுருவாங்க" என்றாள். நான் சொன்னேன். சோற்றில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றுவான், கரை உடையாமல் ஓரத்திலிருந்தே தின்றுகொண்டு வருவான், கடைசியில் குழம்பு மட்டும் நடுவில் நிற்கும், அதைக் குடிப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் பத்தேகாலுக்கு அவன் போன் பண்ணினான், "அம்மா, நாப்பது மீட்டர் உசரத்துல சீட்டோட தூக்கிப் போட்டுச்சும்மா, நீ நல்லாத்தான இருக்க?" என்றான். நான் சந்தோஷத்தில் அழுதேன். அவள்தான் பயந்துபோனாள்.

அன்றைக்கே பட்டறைக்குப் போய்ப் பைப்பைக் கழற்றினாள். கிரேனில் இருக்கிறவனுக்கு இவ்வளவு கூடாது, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கூடாது. துளையைச் சின்னதாக்கினார்கள், எண்ணெயைக் காய்ச்சிக் கெட்டியாக்கினார்கள், கம்பியில் புஷ் உரசுகிற இடத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார்கள். ஸ்பிரிங்கின் கொக்கியை மூன்று இடத்தில் மாட்ட வசதி பண்ணினார்கள். கல்நெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு மேல் கொக்கி, சாதாரணமாக மறந்தவர்களுக்கு நடுக் கொக்கி, நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்க் கொக்கி. இதற்குள் அவள் வாசலில் தினமும் நாலைந்து பேர். துபாய், மலேசியா, திருப்பூர், ஓடிப்போன புருஷன், பேச்சை நிறுத்திய தம்பி. எல்லாரும் அவள் முன்னால் உட்கார்ந்து தங்கள் ஆட்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சொல்வார்கள். அப்பளத்தை முதலிலேயே நொறுக்குகிறவர், மோருக்குப் பிறகு மறுபடி ரசம் கேட்கிறவர், மிளகாயைப் பொறுக்கி இலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறவர். இத்தனை பேர் சாப்பிடுகிறதையும் மனசில் சுமந்துகொண்டு அவள் தடை தடையாக ஏறி இறங்குவாள், எங்கெங்கோ யாரோ எகிறுவார்கள், எங்கள் ஊரில் போன் மணி அடிக்கும். அந்த ஒரு வருஷம் பதினாறு தெருவிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் எடுத்துப் பேசிக்கொண்டே இருந்தோம், எதிர்வீட்டில் மட்டும் அடிக்காததை நாங்கள் கவனிக்கவில்லை.

ஸ்பிரிங்கு திருந்தத் திருந்த அவளுக்கு ரோடே தெரியாமல் போனது. சகாயராஜிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். "முன்னாடியாவது இடுப்பு வலிச்சுது அண்ணே. இப்ப கீழ ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல. தண்ணியில மிதந்து போற மாதிரி இருக்கு." அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

தங்கச்சி தாமரையை அவள் மூன்று தடவை நினைத்திருக்கிறாள். தாமரை கோயமுத்தூரில் இருக்கிறாள், பிள்ளைகளெல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள், மூத்தவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. முதல் தடவை போன் பண்ணி, "என்னக்கா, எதுவும் வேணுமா?" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றதும் சரி என்று வைத்துவிட்டாள். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பேசியது தெருவுக்கே கேட்டது. "மாடிப்படியில பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டிருந்தேன்கா. விழுந்திருந்தா என்ன ஆகுறது? உனக்குப் புண்ணியமாப் போகும், இனிமே என்னைய நினைக்காதக்கா." அவள் சரி தாமரை, சரி தாமரை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தப் பக்கம் வைத்த பிறகும் இரண்டு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு வாய்ப்பாட்டை முடிதிருத்தும் கடைக்கு மட்டும் இல்லாமல் எல்லாத் தடைக்கும் சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு ஆசை வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். தனக்கு ஒருதடவை வர வேண்டும். யாரோ ஒருவர், ஒரு தடையைத் தாண்டுகிற அந்த அரை நொடிக்காவது, வேறு யாரையும் நினைக்காமல் தன்னை நினைக்க வேண்டும். ஊரில் வண்டி ஒன்றுதான், ஓட்டுகிறவளும் ஒருத்திதான், அதனால் அவளுக்கு மட்டும் வர வழியே இல்லை. ஒரு மத்தியான வெயிலில் கோழித்தடையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தாள். என்ன என்று கேட்டேன். "என்னையவே நினைச்சுப் பார்த்தேன்க்கா. ஸ்பிரிங்கு வேலை செய்யல. பழையபடி இடுப்புலதான் ஏறுது" என்றாள். நான் கையிலிருந்த பையோடு கடைக்குப் போய்விட்டேன், எனக்கு உப்பு வாங்க வேண்டியிருந்தது.

அவள் சகாயராஜிடம் கேட்டபோது நான் பட்டறையில் இருந்தேன், கிரைண்டர் அச்சு தேய்ந்துவிட்டது என்று கொண்டு போயிருந்தேன்.

"அண்ணே, ஒரு உதவி. நீங்க ஒருவாட்டி வண்டியை ஓட்டணும்."

"நானா? என் எடைக்குத் தாங்குமாம்மா?"

"தாங்கும். கோழித்தடையில ஏறும்போது என்னைய நினைச்சுக்கணும். ஒரே ஒருவாட்டி. எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அவர் லேத்தை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் பட்டறையில் காதடைத்தது. "நினைச்சுட்டாப் போச்சு. இதுக்குப் போய் இப்படிக் கேக்குற" என்றார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "உன் பேரு என்னம்மா?" என்றார்.

"பவளக்கொடி."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருஷம். இந்தக் கதையில் இதுவரை அவள் பேரை நான் சொல்லாததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"பவளக்கொடி" என்று சகாயராஜ் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "சரி. நீ எப்படிச் சாப்பிடுவ, அதைச் சொல்லு. அதுதான உன் முறை."

ஊரில் எல்லாரும் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், தான் சாப்பிடுவதை யாரும் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு. கடைசியில், "நின்னுக்கிட்டுதான் சாப்பிடுவேன்ணே" என்றாள்.

சகாயராஜ் வண்டி பழக இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்ஸ் சுவரில் ஓர் இடத்தில் காரை பெயர்ந்தது, இரண்டு முட்டியும் பெயர்ந்தது, மனிதர் விடவில்லை. நட்டு போல்ட்டுக்கே சொன்ன தேதி தவறாதவர், சொன்ன வாக்கை விடுவாரா. காலையிலும் மாலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு பவளக்கொடி, பவளக்கொடி என்று சொல்லிக்கொண்டே போவார். அவள் பேர் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆனாலும் ரீடிங்கு என்றே கூப்பிட்டோம், வாயில் அதுதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வைத்துக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. பவளக்கொடி தலைக்குக் குளித்து, நல்ல சேலையாக ஒன்று கட்டியிருந்தாள். அறையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் விளிம்புவரைக்கும் தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளர் வைத்திருந்தாள். ஒரு வருஷமாக எங்கள் ஊரில் யாரும் டம்ளரை அப்படி நிரப்பியதில்லை. சகாயராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, "விழுந்தா உடைஞ்சிரும், வச்சிரு" என்று ஸ்டூலில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் உருவவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கோழித்தடை எங்கள் தெருவிலிருந்து தெரியாது, ஆனால் லாரிச் சத்தம் இல்லாததால் அவர் பவளக்கொடி, பவளக்கொடி என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டுக்கொண்டே இருந்தது, தூரமாகிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னப் பலகையில் நின்றுகொண்டு, தடையைக் கண்ணால் பார்த்து, முன்னால் சாய்ந்திருக்கும். பிறகு ஒரு குரல் கேட்டது. ரேஷன் கடை தாண்டி, பஸ் நிறுத்தம் தாண்டி, ஊருக்கே கேட்டது.

"அம்மா!"

வேறென்ன வரும். கால் இடறினால், கை சுட்டால், தேள் கொட்டினால், எங்கள் வாயில் அதுதான் வரும். அதற்கு ஒரு நொடி முன்னால்வரை நாங்கள் யாரை நினைத்துக்கொண்டிருந்தாலும் சரி.

பவளக்கொடியின் நாற்காலி அசையவில்லை. டம்ளரில் தண்ணீர் விளிம்பில் நின்றது நின்றபடி நின்றது, ஒரு சொட்டு கீழே விழவில்லை. அவள் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒருவேளை தாமதமாக வருமோ என்று. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை.

அப்போது ஸ்டூலில் இருந்த போன் அடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள், பிறகு எடுத்தாள். லேத்துச் சத்தத்தில் பேசிப் பழகிய போன், எடுத்தாலே ஸ்பீக்கரில்தான் பேசும். தஞ்சாவூர்ப் பக்கம் மூத்த மகன் வீட்டில் இருக்கிற சகாயராஜின் அம்மா. காது சுத்தமாகக் கேட்காதவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினார்.

"சாமி... சகாயம்... என்னைய நினைச்சியாய்யா? கட்டில்ல படுத்திருந்தேன், ஒரு முழத்துக்குத் தூக்கிப் போட்டுச்சு. உங்க ஊரு சேதியை உங்கண்ணன் சொன்னப்ப நான் நம்பல. அஞ்சு மாசமா நீ பேசலையே, அம்மாவை மறந்துட்டான்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேனே, என் வாய்ல மண்ணு விழ."

பவளக்கொடி அவர் இங்கே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த அம்மா இடம் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டியாய்யா?"

இவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன் காத்திருந்தது.

"சாமி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா" என்றாள் பவளக்கொடி.

"என்ன சாப்பிட்ட?"

"ரசம். உருளைக்கிழங்கு வறுத்தேன்."

என்ன கேட்டதோ தெரியாது, அந்தப் பக்கம் சந்தோஷமாக இருந்தது. "உக்காந்து சாப்பிட்டியா, இல்ல நின்ன வாக்குல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுனியா? உனக்கு அந்தப் பழக்கம் உண்டே."

அவள் நாற்காலியின் கைப்பிடியை விட்டு, அந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள். "உக்காந்துதான்மா சாப்பிட்டேன்" என்றாள். "உக்காந்துதான்."

"நல்லா இருப்ப. நீ நல்லா இருப்ப சாமி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வைத்துவிட்டார். எனக்கு அந்த ஆறு வருஷத்தில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கக்கூடிய எத்தனையோ மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன, குழம்பு மிஞ்சி நான் வாசலில் கொட்டிய மத்தியானங்கள். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொல்வதோடு முடித்துக்கொள்ள முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

சகாயராஜ் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, வேர்த்துக் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. தான் கத்தியது அவருக்குத் தெரியவில்லை, கத்துகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. வாசலிலேயே நின்று, "பேரைச் சொல்லிக்கிட்டேதான் ஏறுனேன், வேற நினைப்பே இல்ல. வந்துச்சா?" என்றார்.

பவளக்கொடி எழுந்து வந்து போனை அவர் கையில் கொடுத்தாள்.

"வந்துச்சுண்ணே" என்றாள். "உங்க அம்மாவைக் கூப்பிட்டு, சாப்பிட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. நான் கேக்க மறந்துட்டேன்."